கைப்பாரம் எங்கே போகிறது?



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு மின்சாரம், தண்ணீர்ப் பம்ப், தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைப் பற்றியவை. இம்முறை கேமரன் மலையிலிருந்து ஓர் இளைஞர் சற்றுப் பெரிய கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார். அவருடைய தந்தையாருக்கு வயது 58. காய்கறித் தோட்டங்களிலிருந்து கோஸ், தக்காளிக் கூடைகளைச் சாலைக்கு இறக்கும் பழைய லேண்ட்ரோவரை ஓட்டுகிறார். மூன்றாம் ஸீரீஸ், 109 அங்குல வண்டி. "அப்பாவுக்கு இரண்டு தோளும் வலி. வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி இரவில் கை தூக்க முடியவில்லை. பட்டறைத் தவ்க்கே பவர் ஸ்டியரிங் வைத்துவிடலாம், நாலு போல்ட்டும் கொஞ்சம் வெல்டிங்கும்தான், ஒரே நாள் வேலை என்கிறார். வைக்கலாமா, சார்?" என்று கேட்கிறார்.

தாராளமாக வைக்கலாம், தம்பி. உங்கள் தந்தையார் இன்னும் சில ஆண்டுகள் உடல் நோகாமல் தொழில் செய்ய அது உதவும். ஆனால் ஒரே நாள் வேலை என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். பவர் ஸ்டியரிங் பாரத்தைப் போக்கிவிடுவதில்லை; இடம் மாற்றி வைக்கிறது. தோளிலிருந்து இறங்கிய பாரம் வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் ஏறி உட்காருகிறது. அந்தச் சட்டம் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. லேண்ட்ரோவர் இல்லாத வாசகர்களும் படியுங்கள். பழைய ஜீப்போ, லோரியோ, எதுவாயினும் கணக்கு ஒன்றுதான்.

வண்டியின் கதை

லேண்ட்ரோவர் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ், ராணுவ ஜீப் ஒன்றைத் தம் நிலத்தில் ஓட்டிப் பழகியவர். அதுபோல விவசாயிக்கு உதவும் வண்டி ஒன்று வேண்டும் என்று எண்ணியதன் பலன் இது. முதல் மாதிரி வண்டியில் டிராக்டரைப் போல ஸ்டியரிங் நட்டநடுவில் இருந்தது. நம் நாட்டில் அவசரகாலத்தின்போது (1948–1960) ராணுவமும் போலீசும் ஏறி வந்த வண்டி இது. தோட்டத்துத் துரைமார் வெளிக்காட்டைச் சுற்றிவரவும் இதைத்தான் வைத்திருந்தார்கள். ஸீரீஸ் வரிசை 1985இல் நின்றுபோயிற்று. ஆயினும் கேமரன் மலையில் இன்றும் அவை காய்கறிச் சுமையோடு ஏறி இறங்குவதைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அதே காலத்தில் வெளிநாட்டுப் பெரிய கார்களில் பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1920களிலேயே அதைச் செய்து ஓட்டிக் காட்டினார். 1951இல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் வைத்து விற்றது. உழைக்கப் பிறந்த லேண்ட்ரோவர் ஸீரீஸுக்கோ ஓட்டுநரின் கைவலுவே எஞ்சின்!

முதலில் நோயைத் தேடுங்கள்

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்றவுடன் பவர் ஸ்டியரிங்கைத் தேடுவது, தலைவலி என்றவுடன் அறுவைச் சிகிச்சைக்கு ஓடுவதைப் போன்றது. புதிதாக இருந்தபோது இந்த வண்டி இவ்வளவு கனமாக இருந்ததில்லை. ஏன் கனத்தது என்று பார்ப்போம்.

ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினால், அந்தத் திருப்பம் தண்டின் வழியே ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸிலிருந்து ஒரு நீளக் குழாய் முன்பக்கம் போய், முன் குறுக்குச் சட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் ரிலே என்ற உருளையைத் திருப்புகிறது. ரிலேயின் அடிக்கை, டிராக் லிங்க் என்ற கம்பியைக் குறுக்காகத் தள்ளுகிறது. அது சக்கரத்தைத் திருப்ப, டை ராட் மற்றச் சக்கரத்தையும் கூடவே இழுத்துப் போகிறது. இவ்வளவு மூட்டுகளில் எது காய்ந்தாலும் தோள்தான் பதில் சொல்லவேண்டும்.

டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அழகுக்காக அகல டயர் போட்டிருந்தால், பாதிப் பாரம் அதனால் வந்ததுதான். பின்பு சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜேக்கால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துங்கள். வெறும் ஜேக்கை நம்பி வண்டிக்கடியில் போகக்கூடாது. டிராக் லிங்க்கை ரிலேயிலிருந்து கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். இப்போதும் கனமாக இருந்தால் குற்றம் பாக்ஸிலோ ரிலேயிலோ இருக்கிறது. லேசாகத் திரும்பினால் குற்றம் சக்கரப் பக்கம். சக்கரத்தைக் கையால் அசைத்தால் கிங் பின் இறுகியிருப்பது தெரிந்துவிடும்.

ரிலேயில் எண்ணெய் வற்றித் துருப்பிடித்துக் கிடப்பது இவ்வண்டிகளில் மிகச் சாதாரணம். கியர் எண்ணெய் ஊற்றினாலே பல வண்டிகள் பாதி குணமாகிவிடும். ஆனால் ரிலேயை வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே மிகுந்த வலுவோடு அமுக்கி அடைத்த ஸ்பிரிங் ஒன்று உண்டு. விவரம் அறியாமல் திறந்தால் குண்டுபோலப் பாயும். பழகிய போமன், கெட்டியான சாக்கைச் சுற்றிக்கொண்டு திறக்கவேண்டிய பொருள் அது.

கிங் பின், ரிலே, பால் ஜாய்ன்ட் எல்லாவற்றையும் சீராக்கி, முன்சக்கரங்களின் உள்சாய்வை 1.2 முதல் 2.4 மில்லிமீட்டருக்குள் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதுவே போதும் என்று தந்தையார் சொன்னாலும் சொல்வார். போதவில்லை என்றாலும் இந்தச் செலவு வீண்போகாது. தேய்ந்த மூட்டுகளின்மேல் பவர் ஸ்டியரிங் வைப்பது, ஒடிந்த காலுக்குப் புதுச் சப்பாத்து மாட்டுவதுபோல.

அது எப்படி வேலை செய்கிறது?

ஒரு சின்ன ஊசிக்குழலையும் ஒரு பெரிய ஊசிக்குழலையும் ரப்பர்க் குழாயால் இணைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பிச் சின்னதை அமுக்கினால், பெரியது கொஞ்சமாக நகரும். ஆனால் அதிக வலுவோடு நகரும். வகுப்பில் இதைக் காட்டினால், மேசைமேல் அடுக்கிய புத்தகங்கள் எழும்புவதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்னது இதுதான்.

பவர் ஸ்டியரிங்கில் சின்ன ஊசிக்குழலின் இடத்தில் எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் பம்ப் இருக்கிறது. பெரிய ஊசிக்குழலின் இடத்தில் பாக்ஸுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று சற்றே முறுகி, வால்வைத் திறக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாரோ அந்தப் பக்கத்துக்கு எண்ணெய் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. கை வழியைக் காட்டினால் போதும். எண்ணெய் வேலையை முடித்துவிடும்.

எவ்வளவு வேலை? இத்தகைய பம்ப்களில் அழுத்தம் பெரும்பாலும் சதுரசெண்டிமீட்டருக்கு 70 முதல் 100 கிலோ வரை ஏறக்கூடும். குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுரசெண்டிமீட்டர். அதை 70ஆல் பெருக்கினால் 2,695 கிலோ! இது பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரத்தைத் தள்ளும் விசை. பல்சக்கரத்தின் ஆரம் 4 செ.மீ., வெளியே இருக்கும் டிராப் ஆர்மின் நீளம் 16 செ.மீ. என்றால், நுனியில் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். உராய்வில் கொஞ்சம் போனாலும் 600 கிலோவுக்குக் குறையாது. சக்கரம் கல்லில் முட்டி நிற்கும்போது அத்தனை விசையும் வெளிப்படும். மனிதனின் கை களைத்தால் தானாக நின்றுவிடும். பம்ப் களைப்பதில்லை.

இங்கேதான் நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவில் கொள்ளவேண்டும். பாக்ஸ் டிராக் லிங்க்கை 600 கிலோ விசையோடு ஒரு பக்கம் தள்ளினால், அதே 600 கிலோ விசையோடு தன்னைத் தாங்கும் சட்டத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். அடுத்த நொடி இடமும் வலமும் மாறும். ஒரு நாளைக்கு எத்தனை வளைவு, எத்தனை திருப்பம் என்று எண்ணிப் பாருங்கள்.

நாலு போல்ட் போதுமா?

ஸீரீஸ் லேண்ட்ரோவரின் அடிச்சட்டம், தகடுகளை மூலைகளில் வெல்டிங் செய்து ஆக்கிய பெட்டி. உள்ளே வெற்றிடம். தகட்டின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். பல ஆண்டு மழையும் சேறும் உரத்தண்ணீரும் உள்ளே புகுந்து அரித்தபின் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? சிறு சுத்தியலால் முழுநீளமும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல இரும்பு. மந்தமாகத் தொப்பென்று கேட்டால் அங்கே ஸ்குரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும்வரை பவர் ஸ்டியரிங் பேச்சே கூடாது.

சட்டம் நன்றாக இருந்தாலும், பெட்டியில் ஓட்டை போட்டுப் போல்ட்டை இறுக்கினால் என்ன நடக்கும்? வெற்றுத் தகரடப்பாவைக் கைக்குள் நசுக்குவதுபோல இரு பக்கத் தகடும் உள்ளே குழியும். போமன் இறுக்கும்போது போல்ட் இறுகியதுபோல இருக்கும். ஒரு மாதம் ஓடினால் தகடு இன்னும் குழிந்து போல்ட் தளர்ந்துவிடும். ஓட்டை முட்டை வடிவமாகும். பிறகு அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

ஆகவே போல்ட் போகும் ஒவ்வொரு வழியிலும், சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, கனமான இரும்புக் குழல் ஒன்றைச் செருகி இரு முனையிலும் வெல்டிங் வைக்கவேண்டும். அப்போது இறுக்கும் விசையைக் குழல் ஏற்றுக்கொள்ளும். மெல்லிய தகடு நசுங்காது. வெளிப்புறத்தில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைத் தகடு வைத்து, விசையை அகலமான இடத்துக்குப் பரப்பவேண்டும். அந்தத் தகட்டின் மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். சட்டத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெல்டிங் இழுக்கக்கூடாது. அந்தக் கோட்டிலேயே சட்டம் ஒடியும். பாக்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்துக்கு ஒரு குறுக்குத் தாங்கியும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு பக்கச் சட்டம் மட்டும் தனியே நின்று முறுகிக்கொண்டிருக்கும்.

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கவேண்டும். எண்ணில்லாத மலிவுப் போல்ட்டைக் கதவுக் கீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் தொட்டி, குழாய்களில் கசிவு உண்டா என்று பாருங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாக்ஸைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது

பழைய ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி, டிஃபெண்டர் போன்றவற்றின் பாக்ஸைத்தான் ஸீரீஸுக்குப் பெரும்பாலும் மாற்றுகிறார்கள். ஜப்பானிய ஜீப்புகளின் பாக்ஸையும் ஹாஃப்கட் கடையில் எடுத்து மாட்டுவதுண்டு. எதை வாங்கினாலும் வலக்கை ஓட்டு வண்டியினுடையதா என்று கேளுங்கள். டிராப் ஆர்ம் எந்தத் திசையில் திரும்புகிறது, அது சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை வெல்டிங்குக்கு முன்பே வெறும் கையால் பிடித்துப் பார்க்கவேண்டும். தவறான பாக்ஸை மாட்டினால் வலப்பக்கம் திருப்ப, வண்டி இடப்பக்கம் போகும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். மலைச்சாலையில் சிரிப்புக்கு இடமில்லை.

முன்சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸும் தன் நடு நிலையில் இருக்கவேண்டும். இடவலத் திருப்பங்களை எண்ணிப் பாதியில் நிறுத்தினால் நடு கிடைக்கும். முழுதாகத் திருப்பும்போது அச்சிலுள்ள தடுப்பு போல்ட் முதலில் முட்டவேண்டும். பாக்ஸ் முதலில் முட்டினால் உள்ளிருக்கும் பற்கள் அடி வாங்கும்.

டிராக் லிங்க் இயன்றவரை முன் அச்சுக்கு இணையாகவும் நீளமாகவும் இருக்கட்டும். பட்டை ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது அது செங்குத்தாகச் சாய்ந்து நின்றால், பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாகத் திரும்பும். சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு ஆட்கள் முன் பம்பரின்மேல் ஏறிக் குதிக்கட்டும். யாரும் தொடாமலே ஸ்டியரிங் அசைந்தாடினால் லிங்க்கின் கோணம் தவறு. அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கக்கூடாது.

கை நீளமாக இருக்கிறது, எட்டவில்லை என்று டிராப் ஆர்மை நெருப்பில் காய்ச்சி வளைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பதப்படுத்திய இரும்பு தன் பதத்தை இழந்துவிடும். அதேபோல் ஸ்டியரிங் தண்டை வெட்டி முனைக்கு முனை ஒட்டவைக்கும் வேலையை ஒருக்காலும் அனுமதிக்காதீர்கள். பற்கள் வெட்டிய தண்டும் சரியான யுனிவர்சல் ஜாய்ன்ட்டும் கிடைக்கின்றன. எல்லாப் பால் ஜாய்ன்ட்டிலும் காட்டர் பின் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து எண்ணிப் பாருங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பம்ப்பும் எண்ணெயும்

பம்ப்பைத் தாங்கும் பிராக்கெட் அசையாமல் இருக்கவேண்டும். பம்ப்பின் புல்லியும் எஞ்சினின் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். கோணினால் பெல்ட் கீச்சிட்டு, ஒருநாள் வளைவின் நடுவில் அறுந்துபோகும். அழுத்தக் குழாய்க்குத் தண்ணீர்க் குழாயும் கிளிப்பும் உதவா. அதற்கென்று உள்ள குழாயை வாங்கி, இயந்திரத்தில் முனை அமுக்கி வாங்கவேண்டும். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் அது போகக்கூடாது. சூடான குழாயில் எண்ணெய் பீறிட்டால் தீப்பிடிக்கும். பாக்ஸைச் செய்த கம்பெனி எந்த எண்ணெய் என்று குறித்திருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். பிரேக் எண்ணெயை இதில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். இந்த எண்ணெய் பிரேக்கில் போனாலும் அதே கதிதான். விளைவு இன்னும் பயங்கரம்.

எண்ணெய் நிரப்பியதும், முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பலமுறை மெதுவாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றவேண்டும். டப்பாவில் குமிழி நின்றபின்தான் எஞ்சினை ஓடவிடலாம். ஓட்டும்போது ஸ்டியரிங்கை முழுமுனையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து நிற்கவேண்டாம். எண்ணெய் கொதிக்கும், பம்ப் அலறும்.

மின்சார வழி

அண்மைக்காலத்தில் சிறு கார்களின் மின்விசை ஸ்டியரிங்கைப் பழைய வண்டிகளுக்கு மாட்டுகிறார்கள். 2005இல் வந்த பெரோடுவா மைவி போன்ற கார்களின் தண்டோடு சேர்ந்த மோட்டார் அது. பம்ப் இல்லை, எண்ணெய்க் குழாய் இல்லை, அடிச்சட்டத்தில் பெரிய பாக்ஸும் இல்லை. வேலையும் குறைவு. ஆனால் இங்கேயும் பாரம் இடம்தான் மாறுகிறது. மோட்டாரின் விசை முழுவதும் அந்தப் பழைய பாக்ஸ், பழைய ரிலே, பழைய மூட்டுகள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். அவை தேய்ந்திருந்தால் இன்னும் விரைவில் தேயும்.

மின்சாரத்தையும் கணக்கிடுங்கள். பழைய லேண்ட்ரோவர் டைனமோ 22 ஆம்பியர்தான் தரும். மூன்றாம் ஸீரீஸின் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர். மோட்டாரோ கடினமான திருப்பத்தில் சில நொடிகளுக்குப் பல பத்து ஆம்பியர் கேட்கும். இரவில் விளக்கும் வைப்பரும் ஓடும்போது என்ன மிஞ்சும்? 1960களின் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் மோட்டாரை இணைத்தால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி அப்போதே கருகிவிடும். மேலும் நகரத்துக் காருக்குச் செய்த மோட்டார், ஓடையில் இறங்கி எழும் லேண்ட்ரோவருக்குள் நனையாமல் இருக்க ஏற்பாடு வேண்டும். காரில் வேகம் கூடக்கூட உதவி குறையும்படி ஏற்பாடு உண்டு. அந்த இணைப்பு இல்லாமல் மாட்டினால் வேகத்தில் ஸ்டியரிங் அளவுக்கு மீறி லேசாகி வண்டி அலையும்.

அனுமதி

வண்டியின் ஸ்டியரிங்கை மாற்றுவது பெயிண்ட் அடிப்பதுபோல் அன்று. வேலை தொடங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்துக்கு நேரில் போய் என்ன தேவை என்று கேட்டு, எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தைக் கேட்கவேண்டும். காப்புறுதிக் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த நாளில் இழப்பீட்டுக்கு வழக்காட நேரிடும். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, ரசீதோடு வைத்திருங்கள்.

ஓட்டும் பழக்கமும் மாறவேண்டும்

பழைய ஓட்டுநர்கள் லேண்ட்ரோவரில் கட்டைவிரலை ஸ்டியரிங்கின் உள்ளே விடமாட்டார்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று சுழன்று விரலை ஒடித்துவிடும். பவர் ஸ்டியரிங் அந்த அடியைப் பெருமளவு விழுங்கிவிடும். நன்மைதான். ஆனால் அந்த அடியோடு ஒரு செய்தியும் வந்துகொண்டிருந்தது. டயரில் காற்று குறைந்ததையும், கிங் பின் இறுகியதையும், மூட்டு தளர்ந்ததையும் உங்கள் தந்தையாரின் கை இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது. இனி அந்தக் கைக்குச் செய்தி சரியாக வராது. கை அறிந்ததை இனிக் கண் அறியவேண்டும்.

ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எண்ணெய் அளவு, குழாய்க் கசிவு, பெல்ட்டின் இறுக்கம், பாக்ஸ் போல்ட்டுகள், காட்டர் பின்கள், டயர்க் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். பலகைத் தகட்டைச் சுற்றிப் பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று துடைத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அது விரிசல். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி சோதிக்கவேண்டும்.

இன்னொன்று. இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி ஃப்ரீ கியரில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது எந்த வண்டிக்கும் ஆகாது. பவர் ஸ்டியரிங் வைத்த வண்டிக்கு அறவே ஆகாது. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். அப்போது ஸ்டியரிங் முன்பிருந்ததைவிடக் கனக்கும். புதுப் பாக்ஸில் திருப்பங்கள் குறைவு. கை எண்ணெயையும் சேர்த்துத் தள்ளவேண்டும். தந்தையார் அந்தக் கனத்தை ஒருமுறை அறிந்து வைத்திருப்பது நல்லது. சமமான, ஆளில்லாத திடலில், முன்சக்கரங்கள் தரையில் நிற்க, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கட்டும். பெல்ட் அறுந்தால் பதறாமல் இரு கையாலும் இழுத்துச் சாலையோரம் நிறுத்த அந்தப் பழக்கம் உதவும்.

தம்பி, பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்டால் சொல்கிறேன். முதலில் பிரேக். அடுத்து டயர். மூன்றாவது கிங் பின்னும் ரிலேயும் பால் ஜாய்ன்ட்டும். நான்காவது அடிச்சட்டம். இவை நான்கும் தேறியபின் பவர் ஸ்டியரிங். கையில் லேசாகத் திரும்பும் வண்டியை யாரும் சற்று வேகமாகத்தான் ஓட்டுவார்கள்; அந்த வேகத்தைப் பிரேக் தாங்கவேண்டும். தவ்க்கேயிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: "ஒரு நாள் வேண்டாம், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டத்துக்குள் குழல் வைப்பதை நான் பார்க்கவேண்டும்." நல்ல தொழிலாளி இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு பட்டறை தேடுங்கள். மலைச்சாலையில் அந்த வண்டிக்கு எதிரே பள்ளிப் பஸ் வரும். ஓரத்தில் புத்தகப் பையோடு பிள்ளைகள் நடந்து வருவார்கள். உங்கள் தந்தையாரின் தோளோடு அவர்களுடைய உயிரும் அந்த நாலு போல்ட்டை நம்பியிருக்கிறது.

வேலை முடிந்ததும் வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மற்ற வாசகர்களும் தங்கள் ஐயங்களை எழுதலாம். அடுத்த இதழில் சந்திப்போம்.